தளபதி தூதரானார், தமிழர் ஏதிலியானார்!

செங்கற்பட்டில் பிறந்த ஒருவர் இந்தியக் கடற்படையின் தலைமைப் பொறுப்பில் வீற்றிருந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1911ஆம் ஆண்டு பிறந்த ராம்தாஸ் கட்டாரிதான் அவர். வணிகக் கப்பல் அதிகாரிகளை உருவாக்கிய ‘டஃபரின்’ பயிற்சிக் கப்பலில் 1927ஆம் ஆண்டு சேர்ந்த முதல் அணியினருள் ஒருவர். உலகப் போர் மூண்ட 1939இல் கடற்படைக்கு வந்தவர்.

தரைப்படைக்கு 1949லும், வான்படைக்கு 1954லும் இந்தியர் தலைவராயினர். கடற்படையிலோ, விடுதலைக்குப் பின்னும் பத்தாண்டுக் காலம் வெள்ளையரே தலைமை வகித்தனர். அந்த நிலையை முடித்து வைத்து, 1958 ஏப்ரல் 22ஆம் நாள் முதல் இந்தியத் தளபதியாகப் பொறுப்பேற்றவர் கட்டாரி. ‘விக்ராந்த்’ விமானந்தாங்கிக் கப்பல் படையில் சேர்ந்ததும், 1961 டிசம்பரில் கோவா மீட்கப்பட்டதும் அவர் தலைமைக் காலத்திலேதான். 1962இல் ஓய்வு பெற்ற அவரை, 1964இல் பர்மாவுக்குத் தூதராக அனுப்பிற்று தில்லி.

போர்க்கப்பல் நடத்தியவருக்குத் தூதகம் ஏன் என்று கேட்போர் உண்டு. அந்தக் கேள்வியில் பொருளில்லை. தூது செல்வோனுக்கு வேண்டிய பண்புகளைக் கூற வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அறிவும் அஞ்சாமையும் அவற்றில் அடங்கும். அவை கடலில் வளர்ந்தவனுக்கும் உண்டு. கேட்க வேண்டிய கேள்வி வேறு: அனுப்பியவர்கள் அவர் கையில் கொடுத்தனுப்பிய கொள்கை யாது?

அந்த 1964ஐ எண்ணிப் பாருங்கள்! 1962 மார்ச்சில் ஆட்சியைக் கைப்பற்றிய நீ வின், 1963இல் வங்கிகளை அரசுடைமையாக்கினார். 1964இல் கடைகளையும் எடுத்துக்கொண்டார். மே மாதத்தில் 50, 100 கியாத் தாள்கள் செல்லாவென்று அறிவிக்கப்பட்டன. மளிகைக் கடை வைத்தவனும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனும், நெல்வயலில் உழைத்தவனும் ஒரே நாளில் அன்னியராயினர். தேடிய பொருளை விட்டு, பிறந்த மண்ணை விட்டு, கப்பல் கப்பலாக வந்து இறங்கினர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் வெளியேறினர். அவர்களில் தமிழர் பெருந்தொகையினர்.

தில்லி வாளாவிருந்தது என்று சொல்லவில்லை. வெளியுறவு அமைச்சர் ஸ்வரண்சிங் அவ்வாண்டே இரங்கூன் சென்றார். பிரதமர் சாஸ்திரி 1965 டிசம்பரில் சென்றார். கட்டாரி தூதராயிருந்த காலத்திலேயே, 1967 மார்ச் 10ஆம் நாள், இரு நாட்டு எல்லை உடன்பாடு கையெழுத்தாயிற்று. எல்லைக்கோட்டை வரைய முடிந்தது. பறிபோன கடைக்கும் வீட்டுக்கும் உரிய ஈட்டைப் பெற்றுத்தர முடிந்ததா? இல்லை!

குற்றம் தூதருடையதா? அன்று, அன்று! கோவாவில் கடற்படைக்குத் தெளிவான ஆணை இருந்தது. ஆகவே இரண்டே நாளில் பணி முடிந்தது. இரங்கூனில் நட்பைக் காப்பதே முதற்கடமை என்றிருந்தது. மக்களைக் காப்பது அதற்கு அடுத்த இடத்தில் நின்றது. ஆற்றல் மிக்கவரை அனுப்பிவிட்டு, அவர் வாயில் வைக்கும் சொல்லை வலிவற்றதாக்கினால், தளபதியாயினும் என்ன செய்வார்?

அதே 1964 அக்டோபரில்தான் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் பிறந்தது. இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்றனர். எங்கே வாழ விரும்புகிறாய் என்று அம்மக்களைக் கேட்டவர் யார்?

சென்னை பர்மா பஜாரைக் காண்போர், அது வெறும் கடைத்தெருவன்று, கைவிடப்பட்டோர் தம் கையாலே எழுப்பிக்கொண்ட வாழ்வு என்பதை உணர வேண்டும். பர்மாவுக்கே திரும்பச் சென்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே ஊரில் தங்கிவிட்ட தமிழரும் இதே கதையின் மற்றோர் ஏடு.

கட்டாரியின் பெயரைப் பெருமையுடன் சொல்வோம். அத்துடன், அவர் வாழ்வு தரும் பாடத்தையும் சொல்வோம். தூதரைத் தேர்ந்தெடுப்பது தில்லியின் உரிமையாக இருக்கட்டும். ஆனால் அந்தத் தூதால் எந்த மாநிலத்து மக்களின் வாழ்வு அமையுமோ அழியுமோ, அந்த மாநிலத்தைக் கேட்ட பின்னரே தூதரின் கையில் கொள்கை தரப்பட வேண்டும். கேட்பது சலுகையன்று, உரிமை! அந்த உரிமைக்குரலை ஊர்தோறும் எழுப்புவது நம் கடமை.