உத்தியோகமும் பசுமை வேஷமும்

முதலாளி மாணவனைப் பரீட்சிப்பதும், மாணவன் கைகட்டி நிற்பதுமே இதுவரை வழக்கமாயிருந்தது. இப்பொழுது மாணவனும் முதலாளியைப் பரீட்சிக்கத் தொடங்கியிருக்கிறான். "உங்கள் ஆலைக் கழிவுநீர் எங்கே போகிறது? புகையை என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டறிந்த பிறகே உத்தியோகத்தை ஒப்புக்கொள்ளுவேன் என்கிறான். "கிடைத்த வேலையைப் பார்க்காமல் ஊர் நியாயம் எதற்கு?" என்று சில பெரியவர்கள் கோபிக்கிறார்கள். இந்தக் கோபத்தில் நியாயமுண்டா என்று பார்ப்போம்.

போபாலில் 1984 டிசம்பரில் யூனியன் கார்பைடு ஆலையின் விஷவாயு ஆயிரக்கணக்கான மக்களைக் கொன்றது. அக்கம்பெனியை 2001-ல் விலைக்கு வாங்கிய டௌ கெமிக்கல், பழைய பொறுப்பு தன்னைச் சேர்ந்ததல்ல என்றது. லாபத்துக்கு வாரிசு உண்டு, பாவத்துக்கு வாரிசு இல்லை என்பது எந்த ஊர் நியாயம்? 2007-ல் ஐ.ஐ.டி. மாணவர்களும், பழைய மாணவர்களும், ஆசிரியர்களும் கையெழுத்திட்டு, அக்கம்பெனி தங்கள் கல்லூரிகளுக்குள் ஆள் எடுக்க வரலாகாது என்று ஆக்ஷேபித்தார்கள். பிரான்சிலும் 2018-ல் உயர்தரக் கல்லூரி மாணவர்கள் இவ்விதமே ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பூமியைக் கெடுக்கும் கம்பெனிக்கு உழைப்பதில் என்ன பயன் என்று கேட்ட அவ்வறிக்கையில் 30,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டனர்.

முத்தியால்பேட்டைத் தோழர்களுக்கு இது புதுமையாகத் தோன்ற வேண்டியதில்லை. 1936 ஜூலை 30-ந் தேதி புதுச்சேரி சவானா ஆலைத் தொழிலாளிகள் 12 பேர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்கள். எட்டு மணி நேர வேலையைக் கேட்ட போராட்டம் அது. அன்றும், "கூலி கொடுப்பவனைக் கேள்வி கேட்கலாமா?" என்றுதான் சொன்னார்கள். கேட்டதனால்தான் எட்டு மணி நேரம் வந்தது. அன்று தொழிலாளி தன் உடம்புக்காகக் கேட்டான். இன்று மாணவன் ஊரார் குடிக்கும் தண்ணீருக்காகவும் கேட்கிறான். இன்ன தொழில்தான் உன் தலையெழுத்து என்றவனை மறுத்த நாம், இதைத் தவறென்று சொல்ல முடியுமா?

நிற்க. தாயின் தாலியை அடகு வைத்துப் படித்த பிள்ளையைப் பார்த்து, "வந்த வேலையை உதறிவிடு" என்று உபதேசிக்க நாம் தயாராயில்லை. வயிறு நிறைந்தவன் மறுப்பது சுலபம். ஆகவேதான் ஒருவன் தனியே மறுப்பதைவிட, கல்லூரி முழுவதும் சேர்ந்து கேட்பது மேல் என்கிறோம். நூறு பேர் கேட்கிற கேள்விக்காக ஒரு ஏழையின் வேலையைப் பறிக்க முடியாது.

மற்றொன்று. மாணவர் மனமறிந்த கம்பெனிகள் இப்போது பச்சை வர்ணம் பூசிக்கொண்டு வருகின்றன. மரக்கன்று நடுகிறார்கள், படம் பிடிக்கிறார்கள், பத்திரம் காட்டுகிறார்கள். பட்டையையும் கொட்டையையும் பார்த்து யோக்கியன் என்று நம்பாத நாம், மரக்கன்றைப் பார்த்து மட்டும் நம்பலாமா? கொடைக்கானலில் ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியின் தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து பாதரசம் பட்ட கண்ணாடி உடைசல் பழைய சாமான் கடைக்குப் போனது 2001-ல் வெளிப்பட்டு, ஆலை மூடப்பட்டது. பழைய தொழிலாளிகள் 591 பேருக்கு உடன்படிக்கை ஏற்பட்டது 2016-ல்தான். கம்பெனியின் பெருமையை விளம்பரத்தில் பார்த்தவனுக்கு இது தெரியாது. பழைய சாமான் கடையைப் பார்த்தவனுக்கே தெரியும்.

ஆகவே வாலிபர்களே! விளம்பரத்தை மூடிவையுங்கள். ஆலையின் பின்புறம் போங்கள். வாய்க்காலைப் பாருங்கள். பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை விசாரியுங்கள். அங்கே வேலை செய்து ஓய்ந்தவனைக் கேளுங்கள். அதன் பிறகு கையெழுத்திடுங்கள்.