இரவை அளக்கும் படி

2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்த சொகுசுக் கப்பலைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பயணத்தைவிட, புதுச்சேரியில் அதற்குக் கிளம்பிய எதிர்ப்புதான் அன்று அதிகம் பேசப்பட்டது. கார்டீலியா நிறுவனம் ஓட்டும் அந்த ‘எம்ப்ரஸ்’ கப்பலுக்கு ஒரு பூர்வாசிரமம் உண்டு. 1990இல் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காக ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் கட்டப்பட்டது. மூன்று, நான்கு இரவுகளில் முடியும் குறும்பயணங்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. நடுவில் ஸ்பெயினின் புல்மன்டூர் நிறுவனத்துக்குப் போய், 2016இல் ராயல் கரீபியனுக்கே திரும்பி, அமெரிக்கர்களைக் கியூபாவுக்கு ஏற்றிச்சென்றது. கோவிட் காலத்தில் கைமாறி இந்தியா வந்தது.

2019இல் ஃப்ளோரிடாவில் ஏறி, அந்தக் கப்பலின் சன்னல் இல்லாத ஓர் உள்கேபினில் ஒருவர் தூங்கிய ஒவ்வோர் இரவும் ராயல் கரீபியனின் பேரேட்டில் அவர் பெயரில் ஒரு புள்ளியாக ஏறியது. 2022இல் அதே கேபினில் வங்கக் கடலில் தூங்கியவருக்கு அந்தப் பேரேட்டில் எதுவும் ஏறவில்லை. கப்பல் அதேதான், கணக்கு எழுதும் கை மாறிவிட்டது.

உலகின் பெரிய சொகுசுக் கப்பல் நிறுவனங்கள் எல்லாமே இப்படி ஒரு பேரேடு வைத்திருக்கின்றன. லாயல்டி திட்டம் என்று பெயர். திரும்பத் திரும்ப வரும் வாடிக்கையாளருக்கு அந்தஸ்தும் அதற்கேற்ற சலுகையும் உண்டு. எதை எண்ணி அந்த அந்தஸ்தைக் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால், நிறுவனத்தின் மனதில் யார் இருக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

ஓர் இரவு, ஒரு புள்ளி

சனிக்கிழமை மாலை மயாமியில் கிளம்பும் கப்பல் அடுத்த சனிக்கிழமை விடியும்போது திரும்பிவிடும். நாள்காட்டியில் எட்டுத் தேதிகளைத் தொட்டாலும் இரவு ஏழுதான். முதல் நாளில் பாதி, வரிசையில் நிற்பதிலேயே போய்விடும். கடைசி இரவே பெட்டியைக் கட்டிக் கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும். மறுநாள் காலைப் பலகாரம் ஆனதும் இறங்கிவிட வேண்டும்; அன்று மாலைக்குள் அதே கட்டிலுக்கு அடுத்தவர் வந்துவிடுவார். கேபின் சந்தேகமில்லாமல் ஒருவருடையதாக இருப்பது இரவில்தான். அதனால் இரவை எண்ணுவது இயல்பான கணக்கு.

நிறுவனங்களின் சொந்தக் கணக்கும் இதுவே. ஒரு கேபினுக்கு இரண்டு பேர் என்று வைத்து, அதை நாள்களால் பெருக்கித்தான் தங்கள் கொள்ளளவைப் பங்குதாரர்களுக்குச் சொல்கின்றன. மூன்றாவது, நான்காவது ஆளாகப் பிள்ளைகளும் ஏறும்போது கப்பல் நூறு சதவீதத்துக்கு மேல் நிரம்பியதாக ஆண்டறிக்கையில் வருவது இதனால்தான். இன்றிரவு காலியாகப் போன கட்டிலை நாளைக்கு எடுத்துவைத்து விற்க முடியாது. அந்தக் கட்டிலை நிரப்புகிறவரே நல்ல வாடிக்கையாளர் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் இரவுக் கணக்கு.

ராயல் கரீபியனின் ‘கிரவுன் அண்ட் ஆங்கர் சொசைட்டி’ இதற்கு நல்ல உதாரணம். இரவுக்கு ஒரு புள்ளி. 30 புள்ளியில் பிளாட்டினம், 55இல் எமரால்டு, 80இல் டைமண்ட், 175இல் டைமண்ட் பிளஸ், 700இல் உச்சமான பினக்கிள். டைமண்ட் ஆனவருக்குத் தினமும் நான்கு பானங்கள் இலவசம். பினக்கிளை எட்டினால் ஒரு பயணமே இலவசம்.

ஆனால், இங்கேயும் எல்லா இரவும் ஒன்றல்ல. சூட் எனப்படும் பெரிய அறையில் தங்கினால் இரவுக்கு இரண்டு புள்ளி. இருவர் தங்கும் அறையில் தனியாக, இருவருக்கான கட்டணத்தையும் கட்டிப் போகிறவருக்குக் கூடுதலாக ஒரு புள்ளி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண கேபினில் ஏழு இரவுப் பயணம் போகும் தம்பதி டைமண்டை எட்ட 12 முறை போக வேண்டும். தனியாகப் போகிறவருக்கு 6 முறை போதும். தனியாகச் சூட்டில் போகிறவருக்கு 4 முறை. தனி ஆளுக்குக் கிடைக்கும் அந்த ஒரு புள்ளியைக் கருணை என்று நினைக்க வேண்டாம். வராத துணைக்கும் சேர்த்து அவர் கட்டிய பணத்துக்கான ரசீது அது. இரவை எண்ணுவதாகச் சொல்லும் பேரேட்டின் ஓரத்தில் பணமும் சத்தமில்லாமல் குறிக்கப்பட்டுத்தான் வந்திருக்கிறது.

ஒரே இரவு, ஒன்பது மடங்கு

அதே குழுமத்தைச் சேர்ந்த செலிபிரிட்டி நிறுவனம் ஓரத்தில் இருந்ததை நடுப்பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. அதன் ‘கேப்டன்ஸ் கிளப்’பில் உள்கேபினுக்கு இரவுக்கு 2 புள்ளி, பால்கனி வைத்த அறைக்கு 3, ஸ்கை சூட்டுக்கு 8, பென்ட்ஹவுஸ் சூட்டுக்கு 18. ஒரே கப்பல், ஒரே அலை. மேல்தளத்தில் உறங்குபவரின் இரவு கீழே உறங்குபவரின் இரவைவிட ஒன்பது மடங்கு நீளம்.

அங்கே உச்ச அந்தஸ்தான ஸெனித்துக்கு 3,000 புள்ளி வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை ஏழு இரவுப் பயணம் போகும் ஒருவர், எப்போதும் பென்ட்ஹவுஸிலேயே தங்கினால் 12 ஆண்டுகளில் அதை எட்டிவிடுவார். உள்கேபினில் போகிறவருக்கு 1,500 இரவுகள் தேவை. அதாவது, 107 ஆண்டுகளுக்கும் மேல். ஏணி இருவருக்கும் பொதுதான். ஒருவருக்கு மட்டும் படிகள் ஆயுளைத் தாண்டி வைக்கப்பட்டிருக்கின்றன.

இரவையே எண்ணாமல் பயணத்தை எண்ணுபவர்களும் உண்டு. டிஸ்னியின் ‘காஸ்ட்அவே கிளப்’பில் ஒரு பயணத்தை முடித்தால் சில்வர், 5இல் கோல்டு, 10இல் பிளாட்டினம், 25இல் பேர்ல். பஹாமாஸுக்கு மூன்று இரவு போய்வந்தாலும் ஒன்று. இரண்டு வாரம் சுற்றினாலும் ஒன்று. 75 இரவுகளில் ஒருவர் ஏறிவிடும் உச்சிக்கு, நீண்ட பயணங்களையே விரும்பும் இன்னொருவர் 350 இரவுகள் கழித்த பிறகுதான் வந்துசேர்கிறார். பள்ளி விடுமுறைக்கு நடுவே பிள்ளைகளோடு அடிக்கடி எட்டிப்பார்த்துவிட்டுப் போகும் குடும்பங்களை நம்பித் தொழில் செய்யும் நிறுவனத்துக்கு இந்தக் கணக்கே தோது.

பிரின்சஸ் நிறுவனம் பல ஆண்டுகள் பின்பற்றிய விதி இரண்டையும் கலந்தது. 5 பயணம் அல்லது 51 நாள் முடித்தால் பிளாட்டினம். 15 பயணம் அல்லது 151 நாள் முடித்தால் எலைட். மூன்று நாள் பயணம் ஐந்து போனவர் 15 நாளில் பிளாட்டினம் ஆகிவிடுவார். ஒரே மூச்சில் 50 நாள் பயணம் போனவர் ஆக மாட்டார். விதி இப்படி இருந்தால் மனிதர்கள் அதற்கேற்ப வளைவதில் வியப்பில்லை. போக வேண்டிய ஊரை விட்டுவிட்டு, ஏற வேண்டிய படியைப் பார்த்துப் பயணத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கொசுறு கடனான கதை

நம் ஊர்க் காய்கறிக் கடையில் வாடிக்கையாக வாங்குகிறவருக்குக் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாகக் கிடைக்கும். கடைக்காரர் அதற்குக் கணக்கு வைப்பதில்லை. வாங்குகிறவரும் உரிமை கோருவதில்லை. ஒரு நாள் கிடைக்காவிட்டால் மனம் கொஞ்சம் சுணங்கும், அவ்வளவுதான். கப்பல் நிறுவனங்கள் செய்தது, கொசுறுக்குக் கணக்கு எழுதியது. எண் போட்டு, நிறம் கொடுத்து, அட்டையில் அச்சடித்தும் விட்டார்கள். எழுதிவைத்த கொசுறு அன்றே கடனாகிவிடுகிறது.

கடன் எப்படிப் பெருகும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு கப்பலில் டைமண்ட் அந்தஸ்து உள்ளவர்கள் ஆயிரம் பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்குத் தினம் நான்கு பானம் என்றால் ஒரே வாரத்தில் 28,000 பானங்கள். முன்னுரிமை வரிசையில் ஆயிரம் பேர் நின்றால் அது முன்னுரிமையாகவும் இருக்காது. இன்னொரு நீண்ட வரிசையாகிவிடும். எண்ணிய இரவுகள் ஆயுளுக்கும் செல்லும் என்றால், ஒவ்வோர் ஆண்டும் மேல்படிக்கு ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். இறங்குபவர் இருக்க மாட்டார்கள்.

இரவுக் கணக்கு நிறுவனங்களுக்குக் கசக்க இன்னொரு காரணமும் உண்டு. கார்னிவல் குழுமத்தின் 2024ஆம் ஆண்டு வருவாய் சுமார் 2,500 கோடி டாலர். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டிக்கெட் விற்று வந்ததல்ல. மது, சூதாட்டம், கரைச் சுற்றுலா, இணைய வசதி என்று பயணிகள் கப்பலில் ஏறிய பிறகு செய்யும் செலவுகளிலிருந்து வந்தது. இரவை மட்டும் எண்ணும் பேரேட்டின் கண்ணுக்கு இந்தப் பணம் தெரியாது. உள்கேபினில் தங்கித் தண்ணீரோடு திருப்தி அடைகிறவரும், இரவெல்லாம் கேசினோவில் உட்காருகிறவரும் அதற்கு ஒன்றுதான்.

கார்னிவலின் லாயல்டி திட்டமான விஐஎஃப்பி கிளப்தான் எல்லோரையும்விடச் சமத்துவம் பார்த்தது. சூட்டானாலும் உள்கேபினானாலும் நாளுக்கு ஒரே புள்ளி. 25 நாளில் கோல்டு, 75இல் பிளாட்டினம், 200இல் டைமண்ட். அந்தக் கார்னிவல்தான் 2025 ஜூனில், நாள் கணக்கைக் கைவிட்டுச் செலவுக் கணக்குக்கு மாறப்போவதாக அறிவித்தது. புதிய விதிப்படி அந்தஸ்து என்பது குறிப்பிட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் செய்யும் செலவைப் பொறுத்தது. தக்கவைக்க வேண்டுமானால் மறுபடியும் செலவழிக்க வேண்டும். ஏற்கெனவே டைமண்டாக இருப்பவர்களுக்கு முதல் அறிவிப்பில் கொடுக்கப்பட்ட அவகாசம் ஆறு ஆண்டுகள். மேல்படிகளில் கூட்டம் பெருகிவிட்டது, சலுகைக்கு மதிப்பில்லாமல் போகிறது என்று நிறுவனம் காரணம் சொன்னது. பழைய வாடிக்கையாளர்கள் கொந்தளித்தார்கள்.

இது விமான நிறுவனங்கள் முன்பே நடந்த பாதை. 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ‘ஏஅட்வான்டேஜ்’ திட்டத்தைத் தொடங்கியபோது எண்ணியது பறந்த தூரத்தை. நாளடைவில் தூரம் போய் டாலர் வந்தது. 2023 செப்டம்பரில் டெல்டா, அந்தஸ்தை முழுக்கச் செலவின் அடிப்படைக்கு மாற்றுவதாக அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பில், அளவு மீறிப் போய்விட்டோம் என்று அதன் தலைமைச் செயல் அதிகாரி எட் பாஸ்டியனே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அடுத்த மாதமே நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன. ஆனால், கணக்கு மட்டும் பழையபடி தூரத்துக்குத் திரும்பவில்லை.

இரண்டு ஏடுகள்

நிறுவனத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. பத்து மடங்கு பணம் கொடுத்தவர் தனக்குப் பத்து மடங்கு உபசாரத்தை எதிர்பார்ப்பது வியாபார வழக்கம்தான். விதிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றும் உரிமை எங்களுக்கு உண்டு என்று பெரும்பாலான லாயல்டி திட்டங்களின் நிபந்தனைகளிலும் எழுதியும் இருக்கிறது. சட்டப்படி கேள்வி கேட்பது எளிதல்ல.

கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. 190 நாள்களைக் கடலில் கழித்துவிட்டு, கார்னிவலில் டைமண்டுக்குப் பத்து நாள் மிச்சம் வைத்திருக்கும் ஓர் ஓய்வூதியக்காரரை எண்ணிப் பாருங்கள். வேறு கப்பலில் மலிவாகக் கிடைத்த பயணங்களை அவர் விட்டுக்கொடுத்திருக்கலாம். பதினைந்து, இருபது ஆண்டுகள் நிறுவனம் நீட்டிய படியில்தான் அவர் அளந்து போட்டார். நெல்லெல்லாம் போட்டு முடித்த பிறகு படியை மாற்றினால், அதற்குக் களத்துமேட்டில் என்ன பெயர் என்று நமக்குத் தெரியும். நாளை விளையப்போகும் நெல்லுக்குப் புதுப் படி வைக்கலாம். நேற்று அளந்த நெல்லைப் பழைய படியில்தான் தீர்க்க வேண்டும்.

வழியில்லாமல் இல்லை. ஹாலந்து அமெரிக்கா நிறுவனத்தின் ‘மரைனர் சொசைட்டி’ நெடுங்காலமாக இரண்டு ஏடுகளை வைத்திருக்கிறது. ஒன்று சலுகைக்கான ஏடு. சூட்டில் தங்கினால் நாளுக்கு இரட்டைக் கணக்கு; கப்பலில் 300 டாலர் செலவழித்தால் ஒரு நாள் கூடுதல். இதில் 200 நாள் சேர்ந்தால் நான்கு நட்சத்திரம், 500 சேர்ந்தால் ஐந்து. மற்றொன்று பதக்கத்துக்கான ஏடு. உண்மையில் கடலில் கழித்த நாள்கள் மட்டுமே இதில் ஏறும். 100 நாளுக்கு வெண்கலம், 300க்கு வெள்ளி, 500க்குத் தங்கம், 700க்குப் பிளாட்டினம். எவ்வளவு பெரிய சூட்டில் தங்கினாலும் இதில் ஒரு நாள் ஒரு நாள்தான்.

செலவழிப்பவருக்குச் சலுகை, வந்துகொண்டே இருப்பவருக்கு மரியாதை என்ற இந்தப் பிரிவினையில் ஒரு நேர்மை இருக்கிறது. பணத்தை எண்ணுகிறோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு, பணத்தால் வாங்க முடியாததற்கும் ஓர் இடம் ஒதுக்குகிறது. பதக்கத்தால் நிறுவனத்துக்குப் பெரிய செலவும் இல்லை. இலவச பானத்தைப் போல அது கப்பலில் தீர்ந்துவிடுவதுமில்லை. நாள் கணக்கைக் கைவிடும் நிறுவனங்கள் குறைந்தபட்சம் அந்த இரண்டாவது ஏட்டையாவது மூடாமல் வைத்திருக்கலாம்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம் பெரியவர்கள். கடலில் போட்டவர்களும் அளந்துதான் போட்டிருக்கிறார்கள். அந்த ஓய்வூதியக்காரர் கடலில் தூங்கிய 190 இரவுகளுக்கும் சாட்சி, நிறுவனத்தின் ஏட்டைத் தவிர வேறெங்கும் இல்லை. அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் இருப்பதுதான் வாடிக்கைக்கு வியாபாரி செய்யும் முதல் மரியாதை.