சில்லு சாகும், குண்டு சாகாது

செய்திகளில் அவ்வப்போது ‘மேம்படுத்தப்பட்ட வெடிகுண்டு’ என்று எழுதுகிறார்கள். ஐஇடி என்பதன் தமிழாக்கமாம். படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். மூல ஆங்கிலச் சொல்லுக்கு மேம்படுத்துதல் என்ற பொருளே இல்லை. கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுவது என்பதே பொருள். சொல் சண்டைக்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் குண்டின் பலமே அந்த ஒப்பேற்றலில்தான் இருக்கிறது.

2003ல் தொடங்கிய ஈராக் போரில் அமெரிக்கப் படையினரை அதிகம் கொன்றவை இத்தகைய சாலையோரக் குண்டுகளே. கைப்பேசியோ, கார் கொட்டகைக் கதவைத் திறக்கும் ரிமோட்டோ போதும், தொலைவில் இருந்தபடியே வெடிக்க வைத்தார்கள். இதைச் சமாளிப்பதற்கென்றே 2006ல் அமெரிக்கத் தற்காப்பு அமைச்சு தனி அமைப்பை உருவாக்கி, பில்லியன் கணக்கில் செலவிட்டது. முதலில் வந்தவை வானொலி அலையைத் தடுக்கும் கருவிகள். குண்டுக்குச் செல்லும் கட்டளையை அவை மறித்தன. அடுத்த ஆசை, குண்டின் மூளையையே பொசுக்கிவிடுவது. அதற்குத்தான் உயர்சக்தி மின்காந்தத் துடிப்பு.

பக்கத்தில் இடி விழுந்து வீட்டு மோடம் செத்துப்போனது பலருக்கும் அனுபவம். மின்னல் நேரடியாகத் தாக்க வேண்டியதில்லை; அதன் மின்காந்த அலை வீட்டுக் கம்பிகளில் மின்னோட்டத்தைத் தூண்டிவிட்டாலே போதும். இந்தக் கருவியும் அதைத்தான் செய்கிறது. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பின் சக்தி சுமார் 1,000 வாட். இந்தத் துடிப்போ 100 மில்லியன் வாட்டையும் தாண்டக்கூடியது. ஆனால் பெரும்பாலும் விநாடியில் மில்லியனில் ஒரு பங்குகூட நீடிக்காது. குண்டின் கம்பிகள் ஆன்டெனாபோல அதை உள்வாங்க, சில்லு கருகும் அல்லது குழம்பி நிற்கும். சில நேரம் படை வாகனம் நெருங்கும் முன்பே குண்டு வெடித்துவிடும்.

கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் தூரம் இரண்டு மடங்கானால் அலையின் வலிமை நாலில் ஒரு பங்காகக் குறையும். ஈர மண்ணும் அதை விழுங்கும். அலைக்கு நண்பன், பகைவன் தெரியாது. அருகிலுள்ள மருத்துவக் கருவியும் அதற்கு ஒரு மின்சுற்றுதான். வெட்டவெளியில் குண்டு முன்கூட்டியே வெடித்தால் நல்லது. சந்தைத் தெருவில் வெடித்தால்? வெடிக்காமல் சில்லு மட்டும் கருகினாலும் வெடிமருந்து அப்படியே இருக்கும். யாராவது போய் அதை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆப்கானிஸ்தானில் இன்னொரு பாடம் கிடைத்தது. அங்கே பரவலாக இருந்தவை, புதைத்து வைத்து, மிதித்தால் வெடிக்கும் எளிய வகைகள். அவற்றில் கருகுவதற்குச் சில்லு இல்லை. மறிப்பதற்குச் சமிக்ஞையும் இல்லை. புத்திசாலிக் குண்டை வெல்லும் கருவியை முட்டாள் குண்டு ஏமாற்றிவிடுகிறது. மிதிக்கும் கால் படைவீரருடையதா, வயலுக்குப் போகும் விவசாயியுடையதா என்றும் அதற்குத் தெரியாது.

எனக்குப் பிடித்த எதிர்க்கருவி 1972ல் வட அயர்லாந்தில் பயன்படுத்துவதற்காகப் பிறந்தது. பிரிட்டிஷ் ராணுவத்தின் பீட்டர் மில்லர், தோட்டத்தில் சுமை இழுக்கும் மின்சாரத் தள்ளுவண்டியின் அடிப்பாகத்தை எடுத்து, மனிதனுக்குப் பதிலாகக் குண்டருகே போகும் இயந்திரத்தை ஒப்பேற்றினார். பெயரும் ‘வீல்பேரோ’, அதாவது தள்ளுவண்டிதான். அதில் பொருத்திய குழாயிலிருந்து அதிவேகமாகப் பாயும் நீர், வெடிப்பதற்குள் குண்டின் இணைப்புகளைச் சிதறடிக்கும். இன்றைய வெடிகுண்டு அகற்றும் ரோபோக்களுக்கு அதுவே முன்னோடி.

மின்காந்தத் துடிப்பு வீண் என்பதல்ல என் வாதம். ஒரு வாகன அணி உயிரோடு கடந்து போக அது உதவினால் அதுவே பெரிய காரியம். ஆனால் ஒரே பொத்தானில் ஆபத்து தீர்ந்தது என்று யாராவது விளம்பரக் காணொளி காட்டினால், நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வாகனங்கள் போன பிறகு அந்த மண்ணுக்குள் என்ன மிச்சம் இருக்கிறது? மறுநாள் காலை அதே சாலையில்தான் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போவார்கள்.