கணக்கில் வந்த மிச்சமும் மீட்டரில் வந்த மிச்சமும்

மெக்சிகோவில் 2009 முதல் 2012 வரை ஓர் அரசுத் திட்டம் நடந்தது. பழைய பிரிட்ஜையோ ஏசியையோ ஒப்படைத்தால், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதியதை வாங்க அரசு உதவியது. 19 லட்சம் வீடுகள் மாற்றிக்கொண்டன. லூகாஸ் டேவிஸ், ஆலன் ஃபுக்ஸ், பால் கெர்ட்லர் ஆகிய மூவரும் மின்கட்டணப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். பிரிட்ஜ் மாற்றிய வீடுகளில் மின்நுகர்வு 8 சதவீதம் குறைந்திருந்தது. முன்கூட்டிப் போட்ட கணக்கில் இது ஏறத்தாழ கால் பங்குதான். ஏசி மாற்றிய வீடுகளிலோ நுகர்வு கூடியிருந்தது. 2014இல் வெளியான இந்த ஆய்வை எரிசக்தித் தணிக்கையாளர் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும்.

புதிய ஏசி மணிக்கு இழுக்கும் மின்சாரம் குறைவு. அதனாலேயே ஒரு மணி நேரக் குளிர்ச்சியின் விலை இறங்குகிறது, வீட்டார் கூடுதல் நேரம் ஓட்டுகிறார்கள். மீள்விளைவு என்று நாம் சொல்வது இதைத்தான். ஆனால் பிரிட்ஜை யாரும் கூடுதல் நேரம் ஓட்டுவதில்லை; அது எப்போதுமே ஓடுவது. அங்கே மிச்சம் கரைந்ததற்குக் காரணம் வேறு. புதிய பிரிட்ஜ்கள் அளவில் பெரியவை, வசதிகள் கூடியவை. ஒப்படைக்கப்பட்டவை, கணக்குப் போட்டவர்கள் நினைத்த அளவுக்குப் பழையவையும் அல்ல.

எதிர்பார்த்த மிச்சம் வராவிட்டால் வீட்டுக்காரர் மேல் பழியைப் போடுவது நம் தொழிலில் எளிதாக நடக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநில அனுபவம் அதற்கு இடம் தரவில்லை. அங்கே ஏழைக் குடும்பங்களின் வீடுகளுக்கு வெப்பக்காப்பு செய்து தந்த திட்டத்தை, 30,000க்கும் மேற்பட்ட வீடுகளின் தரவோடு ஃபௌலி, கிரீன்ஸ்டோன், வூல்ஃப்ரம் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். மாதிரிக் கணக்கு சொன்ன மிச்சம், உண்மையில் கிடைத்ததைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் வீட்டார் அறை வெப்பத்தைக் கூட்டிவைத்ததற்குக் குறிப்பிடத்தக்க சான்று எதுவும் கிடைக்கவில்லை. பிழை கணக்கில்தான் இருந்தது.

அந்தப் பிழை எங்கே தொடங்குகிறது என்பதை ஜெர்மனி வீடுகளை ஆராய்ந்த சுனிக்கா-பிளாங்க், கால்வின் இருவரின் 2012 கட்டுரை காட்டுகிறது. கணக்கீட்டு மதிப்பு சொல்வதைவிட வீடுகள் சராசரியாக 30 சதவீதம் குறைவாகவே வெப்பமூட்டின. செலவழிக்காத ஆற்றலை எப்படி மிச்சப்படுத்துவது?

நம் ஊர் ஏசிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஸ்டார் லேபிளில் அச்சிட்ட ஆண்டு யூனிட், 1600 மணி நேர ஓட்டத்தை வைத்துப் போட்டது. பில்லுக்குப் பயந்து கோடையில் அறுபது இரவு, இரவுக்கு இரண்டு மணி நேரம் ஓட்டுகிற வீட்டில் மொத்த ஓட்டமே 120 மணி நேரம். லேபிள் சொல்லும் மிச்சத்துக்கு அங்கே இடமே இல்லை. புது ஏசி வந்த தைரியத்தில் அதே வீடு இரவு முழுக்க எட்டு மணி நேரம் ஓட்டினால் 480 மணி நேரம். ஓட்டம் நான்கு மடங்காகும்போது, எந்த ஐந்து ஸ்டாரும் அதை ஈடுகட்டாது. யூனிட் ஏறத்தான் செய்யும்.

இந்த ஏற்றத்தை வீண்செலவு என்று எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கத்திரி வெயில் காலத்தில் வயதானவர்களும் கைக்குழந்தைகளும் விடியும்வரை தூங்குவது அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த பலன். அறிக்கையில் அதற்குத் தனி வரி வேண்டும். ஆனால் அதைக் காட்டி 'பில் குறையும்' என்று வாக்குக் கொடுப்பது நேர்மையல்ல. பரிந்துரை எழுதும் முன்பே எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள், இனி எத்தனை மணி நேரம் ஓட்டுவீர்கள் என்று கேட்டுவிடுங்கள். பழைய பிரிட்ஜ் எங்கே போகும் என்பதையும் கேளுங்கள். மாடிக்குப் போய் அங்கேயும் ஓடினால் அது மாற்றமல்ல, சேர்க்கை.

அடுத்த இதழிலிருந்து, வீட்டுத் தணிக்கை பற்றிய களக்கட்டுரைகளில் மாற்றத்துக்கு முந்தைய ஓராண்டின் ஆறு பில்களும் பிந்தைய ஓராண்டின் ஆறு பில்களும் இருக்க வேண்டும் என்று கேட்கிறோம். இரு ஆண்டுகளின் கோடை வெப்ப வேறுபாட்டையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். மதிப்பீட்டு எண் மட்டும் உள்ள கட்டுரையை, 'மதிப்பீடு' என்று தலைப்பிலேயே குறித்துத்தான் வெளியிடுவோம். மிச்சம் வராத வீடுகளின் பில்களையும் அனுப்புங்கள். அவற்றுக்கே முதலிடம் தருவோம்.