செல்லும் செல்லாததும்

கல்யாண போட்டோகிராபர்கள் பலரின் ஃப்ளாஷில் இன்றைக்கும் நாலு பென்டார்ச் செல்தான். தாலி கட்டுகிற நேரத்தில் அது மக்கர் பண்ணினால், மாப்பிள்ளையிடம் 'ஒன்ஸ் மோர்' கேட்க முடியாது.

ரீசார்ஜபிள் வாங்கும்போது நம்மாட்கள் எம்.ஏ.ஹெச். எண்ணை மட்டும்தான் பார்க்கிறார்கள். (பி.காம். படித்த எனக்கே பெரிய நம்பர் என்றால் ஒரு சபலம்.) நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பென்டார்ச் செல்லில் 3,000ஐத் தாண்டி எழுதியிருந்தால் புருடா என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா கிடக்கும்போது எவ்வளவு சார்ஜ் மிஞ்சுகிறது என்பதுதான் விஷயம். பழைய ரகம் நம் சம்பளம் மாதிரி, எங்கே போச்சு என்றே தெரியாமல் கரையும். 2005ல் சான்யோ கொண்டுவந்த எனலூப் வெறும் 2,000தான். ஆனால் ஒரு வருஷம் டிராயரில் தூங்கினாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். இப்போது பானசோனிக் பெயரில் வருகிறது. வேறு கம்பெனி என்றால், அட்டையில் 'லோ செல்ஃப் டிஸ்சார்ஜ்' இருக்கிறதா பாருங்கள்.

"1.2 வோல்ட்தான் சார்" என்று கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். விடுங்கள். அல்கலைன் 1.5ல் ஜம்மென்று ஆரம்பித்து, ஃப்ளாஷ் மின்ன மின்ன இறங்கிக்கொண்டே போகும். இது கிட்டத்தட்ட கடைசிவரை அதே 1.2ல் நிற்கும்.

சார்ஜர், ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கவனிக்கிற ரகமாக இருக்கட்டும். புதுசோடு பழசைச் சேர்த்துப் போடாதீர்கள். முதலில் காலியாகிற கிழம் மற்ற மூன்றையும் கவிழ்த்துவிடும்.

சுவர்க் கடிகாரத்துக்கா? சாதா செல்லே போதும். வருஷத்துக்கு ஒன்று தின்கிற ஜீவன் அது.