கல்வெட்டுக்கு முன்னே

போன கிழமை வடமராட்சியிலிருந்து ஓர் அண்ணாவியார் என்னைத் தேடி வந்தார். காத்தவராயன் கூத்தோடு ஐம்பது வருடத்துக்கு மேலாக வாழ்ந்தவர். சிறுவயதில் முன்காத்தானாக மேடை ஏறி, பின்காத்தானாக வளர்ந்து, இப்போது பிள்ளைகளுக்குப் பழக்குகிறார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் கலாபூஷணம் விருதுக்கான விண்ணப்பப் படிவம். அறுபது வயது கடந்த கலைஞர்களுக்கு அரசு வழங்கும் விருது அது. பேரப்பிள்ளைகள் வற்புறுத்தியதால் வாங்கி வந்திருக்கிறார்.

"தம்பி, ஆதாரம் கேட்டுக் கிடக்கு. சேட்டிபிக்கட், பேப்பரிலை வந்த துண்டு, போட்டோ. நான் எங்கை போவன்? ஆடினதை ஊர் முழுக்கப் பாத்தது. வேறை என்ன ஆதாரம் வேணும்?"

1987 மே மாதம் வடமராட்சியில் நடந்த ஒப்பரேசன் லிபரேசன் இராணுவ நடவடிக்கையில் அவருடைய வீடு எரிந்துபோனது. கூத்துக் கொப்பிகள், படங்கள், பரிசாகக் கிடைத்த வெள்ளிக் கிண்ணம் எல்லாம் அதோடு போயின. மிஞ்சியது ஒரே ஒரு படம். கனடாவில் இருக்கும் மச்சானின் அல்பத்தில் கிடந்ததை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் முகம் வெளிறிப்போயிருந்தது. கண்ணாடித் துண்டுகள் தைத்த உடுப்பு மட்டும் மின்னியது. "உது நான்தான்" என்று விரலால் தொட்டுக் காட்டினார். தொட்டதில் படம் நகர்ந்துபோக, திரும்பத் திரும்ப இழுத்துக் கொண்டுவந்தார்.

படிவத்தை நிரப்பிக்கொடுத்தேன். ஆனால் மனம் அதிலேயே நிற்கிறது. தன்னை மதிக்கச் சொல்லி ஒரு முதியவர் தானே விண்ணப்பம் எழுத வேண்டியிருப்பது எனக்கு வலிக்கிறது. அவர் செய்ததை எழுதி வைத்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

எங்கள் குடாநாட்டில் கௌரவிப்புக்குக் குறைவில்லை. பிரதேச செயலகங்களின் பண்பாட்டு விழா, மாகாண விருது, கோயில் மண்டபத்துப் பாராட்டு, மணிவிழா, பவளவிழா என்று எல்லாம் நடக்கின்றன. பொன்னாடை போர்த்துகிறோம், மாலை போடுகிறோம், படம் எடுக்கிறோம். ஆனால் போர்த்தப்பட்டவர் என்ன செய்தார் என்று கேட்டால், மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது.

ஒருவரின் வாழ்க்கையை நாங்கள் ஒழுங்காக எழுதுவது அவருடைய அந்தியேட்டிக்குத்தான். முப்பத்தோராம் நாள் கையில் தரப்படும் கல்வெட்டில் பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், செய்த தொண்டு எல்லாம் இருக்கும். அருமையான வழக்கம் அது. 2005இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகம் அந்த நினைவு மலர்களையும் தேடிச் சேர்த்து வைத்திருக்கிறது. ஊர் வரலாறு எழுதுகிறவர்களுக்கு அது பெரிய களஞ்சியம். ஆனால் அந்தப் பக்கங்களை வாசிக்க உரியவர் அப்போது இல்லை. பிழை இருந்தால் திருத்தவும் அவரால் முடியாது.

இதை வேறு விதமாகச் செய்து காட்டியவர் டொமினிக் ஜீவா. கஸ்தூரியார் வீதியில் சலூன் வைத்திருந்த அவர், 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்காகத் தமிழ்ச் சிறுகதைக்கான முதல் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றவர். 1966 ஆகஸ்டில் 'மல்லிகை' இதழைத் தொடங்கினார். அதன் அட்டையில் ஒரு மனிதரின் முகத்தைப் போட்டு, உள்ளே அவரைப் பற்றி ஒரு கட்டுரையும் போடுவார். எழுத்தாளர்களும் கலைஞர்களும் தொண்டர்களும் உயிரோடு இருக்கும்போதே அப்படி எழுதப்பட்டார்கள். அந்தக் கட்டுரைகள் பின்னர் தனி நூல்களாகவும் வந்தன. இதழைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அவரே விற்றார். அட்டையில் இருந்தவரின் அயலவர் அதை வாங்கி வாசித்திருப்பார் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. நான் அறிந்தவரையில் இந்த மண்ணில் நடந்த ஆகச் சிறந்த கௌரவிப்பு அதுதான். அதற்கு மண்டபமும் தேவைப்படவில்லை, பிரதம விருந்தினரும் தேவைப்படவில்லை.

அதே ஜீவா, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கௌரவ முதுமாணிப் பட்டம் தர முன்வந்தபோது ஏற்க மறுத்தார். மற்றவர்களின் தகுதியை ஆண்டுக்கணக்காக எடைபோட்டு எழுதியவருக்குத் தன்னுடைய எடையும் தெரிந்திருந்தது. 2021 ஜனவரியில், 93 வயதில் போய்ச் சேர்ந்தார்.

இன்னொரு பெயரையும் இங்கே சொல்ல வேண்டும். யாழ்ப்பாணப் பொது நூலகம் என்றதும் 1981ஆம் ஆண்டின் நெருப்பும், 97,000 நூல்களும், அதைப் பார்த்து உயிர்விட்ட தாவீது அடிகளும் நினைவுக்கு வருகின்றன. 1933இல் தன் வீட்டிலிருந்து சனங்களுக்குப் புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கிய க. மு. செல்லப்பாவின் பெயர் எத்தனை பேருக்கு வாயில் வருகிறது? அடுத்த வருடம் ஆஸ்பத்திரி வீதியில் 844 நூல்களோடும் முப்பது பத்திரிகைகளோடும் நூலகம் உருவானதற்கு அவர்தான் வித்து. எரிந்ததை மறக்காத நாங்கள் விதைத்தவரையும் மறக்கக்கூடாது.

ஒவ்வொரு ஊரிலும் சனசமூக நிலையம் இருக்கிறது. காலையில் பத்திரிகை வாசிக்க ஆட்கள் வரும் அந்த மேசையில் ஒரு தடித்த கொப்பி வைத்தால் என்ன? ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள். மருத்துவிச்சி, அண்ணாவியார், இரவுப் பாடசாலை நடத்திய மாஸ்டர், குளத்தைத் துப்புரவாக வைத்திருந்த கமக்காரர் என்று ஆளுக்கு நாலு பக்கம் கேட்டு எழுதலாம். எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டலாம். பொன்னாடை அதன் பிறகு வரட்டும். நாளைக்கு யாரும் ஆதாரம் கேட்டால் அந்தக் கொப்பியைக் காட்டலாம்.

அண்ணாவியாரோடு நானே தொடங்கிவிட்டேன். படிவம் நிரப்பி முடிந்த பிறகு அவரை இருக்கச் சொல்லி ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்தேன். ஆர்மோனியம் வாசித்தவர், மிருதங்கக்காரர், எந்தக் கோயில் வீதியில் எத்தனை இரவு என்று சொல்லிக்கொண்டே போனார். தேத்தண்ணி ஆறிப்போனது. நாலாம் பக்கம் முடிகிறபோது எழும்பினார். படலை வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

"ஆரியமாலைக்கு ஆடினவனை விட்டுப்போட்டன். அவனுக்கு இப்ப கண் தெரியாது. அவன்ரை பெயரையும் போடு, தம்பி."