மூடிக் குடுத்துருவாங்களாமே?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

2023 ஏப்ரல். ஓபியில சர்க்கரை மாத்திரைக்கு வந்த ஒரு அம்மா, பிபி பார்க்கக் கையை நீட்டிக்கிட்டே கேட்டாங்க: "ஏன் தம்பி, கரியை எடுத்துட்டு நெலத்தைப் பழையபடி மூடிக் குடுத்துருவாங்களாமே, நெசமா?"

ஒரத்தநாடு பக்கம் அவங்க ஊர். வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு மூணும் பழுப்பு நிலக்கரி ஏலப் பட்டியல்ல வந்த நேரம் அது. ஏப்ரல் 8-ல மத்திய அரசு மூணையும் நீக்குச்சு. 2020-லேயே வேளாண் மண்டலச் சட்டம் வந்தும் பட்டியல்ல பேர் ஏறுச்சுங்கறதை மறந்துடாதீங்க. நாளைக்கும் ஏறலாம். அப்பவும் இதே சமாதானம்தான் சொல்வாங்க: "நெய்வேலியைப் பாருங்க, தோண்டின இடத்துல மரம் வளர்த்திருக்காங்க."

வளர்த்திருக்காங்க, உண்மைதான். மண்மேட்டுல மரம் நிக்குது, மூடின நிலத்துல பயிரும் வச்சுப் பார்த்திருக்காங்க. அந்த உழைப்பை நான் குறை சொல்லல.

தீக்காய வார்டுல இருந்தவங்களுக்குத் தெரியும். தொடையிலிருந்து மெல்லிசா தோல் எடுத்து ஒட்டுவோம். பிடிச்சுக்கும், புண் மூடிடும், உயிர் தப்பும். ஆனா அங்கே முடி முளைக்காது, சரியா வேர்க்காது. வறண்டு வெடிக்காம இருக்க எண்ணெய் தடவிக்கிட்டே இருக்கணும். ஒட்டின தோல் பிறந்த தோல் ஆகாது.

நெல் வயலும் அப்படித்தான். மேல்மண்ணுக்குக் கீழே இறுகின ஒரு அடுக்கு இருக்கும். தலைமுறை தலைமுறையா சேறடிச்சு, மாடும் மனுஷனும் மிதிச்சு உண்டானது. பாய்ச்சின தண்ணி கீழே இறங்கிடாம நிக்கிறது அதனாலதான். தோண்டிக் கலந்து கொட்டின மண்ணுல அது கிடையாது. கொட்டின மண் வருஷக்கணக்கா அமுங்கும், அதுவும் ஒரே சீரா அமுங்காது. அப்புறம் வரப்பு எங்கே, மட்டம் எங்கே?

அந்த ஒரு வயலோட போறதும் இல்லை. 1934-ல திறந்த கல்லணைக் கால்வாய்த் தண்ணி மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானா ஓடி வர்றது. நடுவுல வாய்க்காலை வெட்டினா கடைமடைக்காரன் காய்வான். நெய்வேலியில கரிக்கு அடியில அழுத்தத்தோட தண்ணி நிக்குது. ராப்பகலா இறைச்சாதான் சுரங்கம் நடக்கும். கடலோரம் ஏற்கெனவே உப்பேறுற டெல்டாவுல நிலத்தடி நீரை அப்படி இறைச்சா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

நிலக்கரிச் சுரங்கத்துக்கு மூடும் திட்டமும், அதுக்குத் தனிக் கணக்குல பணமும் வேணும்னு 2009-லிருந்தே விதி இருக்கு. நல்லதுதான். ஆனா அந்த அம்மாவுக்குப் பட்டா கிடையாது. நடவும் களையெடுப்பும்தான் பிழைப்பு. மூடித் தர்ற வரைக்கும் எத்தனையோ வருஷம். அதுவரைக்கும் அவங்களுக்குக் கூலி யார் கொடுப்பா? எந்தத் திட்டத்துல அது எழுதியிருக்கு?

அடுத்த தடவை யாராவது "மூடிக் கொடுத்துடுவோம்"னு வந்தா ஒண்ணே ஒண்ணு கேளுங்க. தோண்டி மூடின ஒரு நஞ்சை வயல், பழைய சொந்தக்காரர் கையிலேயே, அஞ்சு வருஷ மகசூல் கணக்கோட. காட்டட்டும், நானே வந்து பார்க்கிறேன்.

அந்த அம்மாகிட்ட அன்னைக்கு "இல்லம்மா"ன்னு மட்டும்தான் சொன்னேன். வெளியே வரிசை நீளமா இருந்துச்சு.